கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

முப்பத்தோரு வருஷம் என்னைப் பாதிதான் பார்த்தார்கள்.
டர்பன், கிரேவில் மைதானம், ஒன்பதாம் எண் ஜன்னல்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கழுத்து, ஒரு காலர்,
கம்பெனி கொடுத்த சாம்பல் சட்டை,
மார்பில் பூபதி என்று பித்தளைத் துண்டு.
பணம் எண்ணும் விரல்களை ஊரே அறியும்.
இடுப்புக்குக் கீழே
ரப்பர் செருப்போடு, வீங்கிய கணுக்காலோடு
யாருக்கும் தெரியாத ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

இந்த ஜூலைப் பந்தயத்துக்கு
டிக்கெட் வாங்கிப் போகிறேன்.
பார்க்க.
பார்க்கப்பட.
இரண்டாவதைச் சொல்ல அறுபத்திரண்டு வயது ஆயிற்று.

நாத்தனார் லோகம் சொன்னாள்:
கறுப்பு எடு, ஒல்லியாகக் காட்டும்.
முழுக்கை வை, தொங்கும் சதை மறையும்.
நீளமாகத் தை, தொளதொளவென்று தை.
எல்லாம் கேட்டு முடித்தால்
மிச்சமிருப்பது
பொட்டு வைத்த ஒரு கூடாரம்.

பழைய விக்டோரியா தெருவில் மாடியேறி
இடப்பக்கம் இரண்டாவது கதவு.
ஷிரீன் வாயில் நாலு குண்டூசியோடுதான் பேசுவாள்.
அளவெடுத்தாள், எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை.
எழுதி, நோட்டைக் கவிழ்த்து வைத்தாள்.
திரையிழுத்துப் பார்க்கும் டாக்டர்கள்கூட
என் உடம்புக்கு அவ்வளவு மரியாதை தந்ததில்லை.

இடுப்பு தொலைந்துபோச்சு, என்றேன்.
தொலையலை ஆன்ட்டி, வீடு மாறியிருக்கு.
புது விலாசம் விலாவுக்கு ரெண்டு விரல் கீழே,
தையலை அங்கே அனுப்புவோம்.

மார்பின் டார்ட்டை ஒன்றரை விரல் இறக்கினாள்.
கழுத்தை வி வடிவில் வெட்டினாள்:
ஆழம் வேண்டாம், பயமும் வேண்டாம்.
கை, முழங்கை தாண்டி நாலு விரலோடு நின்றது.
மணிக்கட்டு இன்னும் அழகாகத்தான் இருக்கிறது
என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அவள்.
வளையல் மாட்டிக் கழற்றிய அத்தனை வருஷத்தில்
நானே கவனித்ததில்லை.

துணி, பீட்ரூட் நறுக்கிய பலகையின் நிறம்.
கனத்த க்ரேப். உடம்பைப் பிடிக்காது, விட்டும் ஓடாது,
பக்கத்திலேயே நடந்துவரும் ரகம்.
இந்த வயசிலா? என்றாள் லோகம்.
இந்த வயசில்தான்.
அந்த வயசில் ஸ்கூல் ஃபீஸ் இருந்தது.

ஒரே சண்டை, பாக்கெட்டுக்கு.
வைத்தால் பக்கவாட்டில் புடைக்கும் என்றாள் ஷிரீன்.
புடைக்கட்டும்.
ஆயுசெல்லாம் அடுத்தவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தவள்
என் சீட்டை எங்கே வைப்பேன்?
முணுமுணுத்துக்கொண்டே தையலுக்குள் ஒளித்து ஒன்று வைத்தாள்,
வலப்பக்கம், உள்ளங்கை அகலம்.

பந்தய நாளில் கடற்காற்று.
இறகுத் தொப்பிகள் பறந்தன.
இருபது வயதுகள் குதிகால் புல்லில் புதைய
நாரைபோல ஒற்றைக்காலில் நின்றார்கள்.
எனக்குத் தட்டைச் செருப்பு.
காற்று வந்து விளிம்பைத் தூக்கிப் பார்த்தது.
க்ரேப் அசைந்து கொடுத்துவிட்டு இறங்கிக்கொண்டது.

கால்கள் தாமாகவே ஒன்பதாம் ஜன்னலுக்குப் போயின.
சாம்பல் சட்டையில் புதுப் பெண்,
பித்தளையில் நொம்சா.
ஐம்பது ராண்ட், ஏழாம் நம்பர், ஜெயிப்புக்கு மட்டும்.
சீட்டை நீட்டினாள். பிறகு
கண்ணாடியில் நெற்றி முட்ட எட்டிப் பார்த்து,
ஆன்ட்டி, ரெண்டு அடி பின்னால் போங்க,
முழுசாப் பார்க்கணும், என்றாள்.

வரிசை சிடுசிடுத்தது.
பந்தயம் தொடங்க மூன்று நிமிஷம்.
அந்த மூன்று நிமிஷத்தின் அருமை
என்னைவிட யாருக்குத் தெரியும்?
பின்னால் போனேன்.
நாலு அடி போனேன்.
அவளுடைய செருப்பை நான் பார்க்க முடியவில்லை,
ரப்பராகத்தான் இருக்கும்.

ஏழாம் நம்பர் பதினொன்றாவதாக வந்தது.
பாக்கெட்டில் சீட்டோடு பாதிச் சமோசாவும் இருந்ததில்
உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.
ஷிரீனிடம் இன்னும் சொல்லவில்லை.